இடப்பக்கம் திருப்பினால் நிற்கும்

என் தம்பி நிதுசன் அந்த மோட்டார் சைக்கிளை மே மாதம் வாங்கினான். புத்தம் புதியது. தெருவிலும் ஓடலாம், காட்டுப் பாதையிலும் ஓடலாம் என்று விற்கிற எண்டியூரோ வகை. உயரமாக, ஒல்லியாக, பல்லுப் பல்லான ரயர் போட்டு நின்றது. முப்பத்தொரு வயதில் அவன் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய முதல் சாமான் அதுதான். மொன்ட்ரியாலின் கிழக்குப் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஆண்டு முழுக்க மைனஸ் இருபதில் பெட்டி அடுக்குகிறவன். ஞாயிற்றுக்கிழமைகளில் வடக்கே மலைப்பக்கம் போய்ச் சேற்றில் புரண்டுவிட்டு வரவேண்டும் என்று அவனுக்கு ஆசை. எனக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னேன். சொல்லிவிட்டு அந்த வண்டிக்கு வைத்தியனாகவும் நானே ஆனேன்.

என் தொழில் அப்படி. துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொள்கலன் இழுக்கும் ட்ரக்குகள் நிற்கிற யாட்டில் பத்தொன்பது வருடமாக வயர் வேலை செய்கிறேன். எதில் எந்த லைற் எரியவில்லை என்றாலும் ‘அருமையைக் கூப்பிடு’ என்பார்கள். அருமைராசா என்ற முழுப் பெயர் அங்கே ஒருவர் வாயிலும் நுழையாது. கெட்டிக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன், கோபக்காரன் என்றும் எடுத்திருக்கிறேன். பிழையைக் கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். கண்டுபிடிக்கும்வரை பக்கத்தில் நிற்கிறவனைத் திட்டாமலும் விடமாட்டேன்.

வண்டி வந்து நாலாம் நாள், தம்பியின் மனைவி தனுஷா பார்க் எக்ஸ்டென்ஷனில் இருக்கும் எங்கள் வீட்டுக்குத் தனியாக வந்தாள். கைப்பைக்குள் இருந்து ஒரு மஞ்சள் துணிப் பொட்டலத்தை எடுத்தாள். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்குச் சுருட்டிய செப்புத் தகடு. மஞ்சள் நூலால் வரிந்து கட்டியிருந்தது. வண்டி வாங்கும் பேச்சு எழுந்த நாளிலேயே ஊரில் அவளுடைய தாய் மந்திரம் எழுதுவித்து, நாற்பத்தெட்டு நாள் பூசையில் வைத்து அனுப்பியது.

“கோயிலுக்குக் கொண்டுபோவம் எண்டா உங்கட தம்பி மாட்டாராம் அத்தான். சில்லுக்கடியில தேசிக்காய் நசிக்கிறதுக்கோ மோட்டசைக்கிள் வாங்கினது எண்டு கேக்கிறார்.”

“அவன் அப்பிடித்தான்.”

“அவருக்குத் தெரியாமல் இதை முன்னுக்கு எங்கையாவது கட்டிவிடுங்கோ. வண்டியின்ர முகத்தில இருக்கவேணுமெண்டு அம்மா சொன்னவ. உங்களுக்குத்தான் உள்ளுக்குக் கழட்டிப் பூட்டத் தெரியும்.”

நான் பெரிய பக்திமான் இல்லை. திருவிழாவுக்குப் போவேன், அன்னதானத்தில் சாப்பிடுவேன், வந்துவிடுவேன். ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை. பயம் என்றே சொல்கிறேன். கட்டாமல் விட்டு, நாளைக்கு ஏதாவது நடந்தால் அவள் முகத்தில் எப்படி முழிப்பது? போன் சார்ஜ் பண்ண ஒரு வசதி செய்து தருகிறேன் என்று நிதுசனிடம் பொய் சொல்லி வண்டியை எங்கள் வீட்டுப் பின்சந்தில் இருக்கும் கராஜுக்கு எடுத்தேன். முன்விளக்கு மூடிக்கு நாலு ஆணி. கழற்றினால் ஹாண்டிலில் இருந்து இறங்கி வரும் வயர்க்கட்டு வண்டியின் கழுத்தைச் சுற்றிப் பின்னுக்குப் போவது தெரியும். வயர் ஒட்டுகிற கறுப்பு ரேப்பைத் தகட்டில் சுற்றி, அந்த வயர்க்கட்டோடு சேர்த்துக் கட்டி, மூடியைப் பூட்டினேன். ஐந்து நிமிட வேலை. கையைக் கழுவிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

ஜூன் நடுவில் நிதுசன் போன் எடுத்தான்.

“அண்ணை, இடப்பக்கம் திருப்பினா நிக்குது.”

“என்ன நிக்குது?”

“இஞ்சின். வேலைத்தலத்து பார்க்கிங்கில வளைச்சுத் திருப்பேக்க பொசுக்கெண்டு நிண்டிட்டுது. நேராக்கி அடிக்க ஸ்டார்ட் வந்திட்டுது.”

இந்த நாட்டில் இடப்பக்கம் திரும்புவதென்றால் எதிரே வருகிற வாகனங்களுக்குக் குறுக்கே போகவேண்டும். நடுச்சந்தியில் இஞ்சின் நின்றால் அவன் அந்த இடத்திலேயே நிற்பான். எதிரே வருகிறவன் நிற்பானா என்பது அவனுடைய பிறேக்கிலும் கவனத்திலும் இருக்கிறது. “பிழை பிடிக்கும்வரைக்கும் நீ உந்த வண்டியை ரோட்டில எடுக்காதை” என்றேன். அவன் ஓம் என்றான். ஆனால் அவன் வீடு இருக்கும் மொன்ட்ரியால்-நோரில் இருந்து களஞ்சியத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும். எடுப்பான் என்று எனக்குத் தெரியும்.

ஆகவே பிழையைப் பிடிப்பது என் பொறுப்பு. எப்போதும் இருக்கிற பிழை நல்ல பிழை, மின் சோதிக்கும் மீற்றரை வைத்தால் அகப்பட்டுவிடும். விட்டுவிட்டு வருகிற பிழைதான் ஆளைக் கொல்லும். நீ பார்க்கும்போது அது இருக்காது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினேன். பற்றரி நல்லது. பியூஸ் ஒன்றும் போகவில்லை. நிலத்தொடுப்பு வயரின் ஆணி இறுக்கமாக இருந்தது. பக்கக்கால் இறங்கியிருந்தால் இஞ்சினை நிறுத்துகிற சுவிச் ஒன்று உண்டு, அதையும் பார்த்தேன். கடைசியில் முன்விளக்கு மூடியைக் கழற்றினேன். தகடு இருந்தது. நிதுசன் பின்னால் நின்றதால் முதுகால் மறைத்துக்கொண்டு அதை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, இணைப்புகள் எல்லாவற்றையும் பிரித்து, ஊத்தை போக்கும் மருந்து அடித்துத் துடைத்துப் பூட்டினேன். தகட்டையும் பக்குவமாகப் பழைய இடத்தில் வைத்தேன். நிதுசன் வண்டியைச் சந்தில் இருபது தரம் இடப்பக்கம் வளைத்தான். நிற்கவில்லை.

“ஊத்தை பிடிச்சிருந்தது” என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

பதின்மூன்று நாள் ஓடியது. பிறகு மறுபடி நின்றது.

இந்தத் தரம் அவனை உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்தேன். லைற் மங்கியதா? இல்லை. வேக மீற்றர் அணைந்ததா? இல்லை. இஞ்சின் இருமியதா, இழுத்ததா? இல்லை, சிவப்புப் பொத்தானை அமத்தினால் எப்படி நிற்குமோ அப்படி நின்றதாம். ஹாண்டிலில் இஞ்சினை நிறுத்த ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. அதை அமத்தினால் ஒரு வயர் வண்டியின் இரும்போடு தொடும், உடனே இஞ்சின் நிற்கும். பியூஸ் எரியாது. வண்டியின் கணினியில் பிழை என்று பதியாது. ஓடுகிறவனே நிறுத்தினான் என்றுதான் வண்டி நினைத்துக்கொள்ளும்.

பொத்தானைக் கழற்றிப் பார்த்தேன். புதுசு போல இருந்தது. மூடியைத் திறந்து அந்த வயரையும் கண்ணுக்குத் தெரிந்த அளவுக்கு மேலே இழுத்துப் பார்த்தேன். தகடு குறுக்கே கிடந்தது. தூக்கி, பார்த்து, திரும்ப வைத்தேன். பொத்தானில் பிழையில்லை, வயரில் பிழையில்லை என்றால் மிச்சம் இருக்கிறது ஓடுகிற ஆள்தான். எனக்குக் கோபம் வந்தது.

“உன்ர கைதான்ரா. வளைக்கேக்க உன்ர கையுறையோ ஜக்கெற் கையோ போய்ப் பொத்தானில அமத்துது. குளிருக்க போடுற அந்தத் தடிச்ச ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு ஓடினா வேற என்ன நடக்கும்?”

“இல்லை அண்ணை, நான் கவனமாத்தான்…”

“கவனமா ஓடுறவன்ர வண்டி ஏன் நிக்குது? எனக்கு வயர் படிப்பிக்காதை.”

அவன் அடுத்த நாள் ஜக்கெற் கையை மணிக்கட்டில் ரப்பர் வளையம் போட்டு இறுக்கிக்கொண்டு போனான் என்று தனுஷா பிறகு சொன்னாள். பத்து நாள் நிற்கவில்லை. நான் சொன்னதுதான் சரி என்று இரண்டு பேரும் நம்பினோம்.

ஜூலையில் வேறு சிக்கல். எண்பதுக்கு மேலே போனால் முன்சில்லு தலையாட்டுகிறது என்றான். இதில் நான் உண்மையாகவே நல்ல வேலை செய்தேன். பின் ஸ்பிரிங் எண்பது கிலோ ஆளுக்கு வைத்தது, என் தம்பி அறுபது கிலோ. அவன் ஏறி இருந்தால் பின்பக்கம் இறங்குவதே இல்லை, பாரம் முழுக்க முன்னுக்குச் சாய்ந்தது. அதைத் தளர்த்தினேன். ரயர்க் காற்றைச் சரிசெய்தேன். கழுத்து நட்டு அரைச் சுற்று தளர்ந்திருந்தது, அதை இறுக்க முன்பக்கத்தை எல்லாம் பிரிக்கவேண்டி வந்தது. தகடு மூன்றாம் முறை கைக்கு வந்தது. நான் சுற்றிய ரேப் கழன்று ஒரு நுனியில் தொங்கியது. ஒவ்வொரு ஞாயிறும் சேறு போக வேகத் தண்ணீர் அடித்துக் கழுவுகிறான், ரேப் எப்படி நிற்கும்? மஞ்சள் நூலும் கறுத்து நைந்திருந்தது. ரேப்பை உரித்து எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் பட்டியால் வயர்க்கட்டோடு இன்னும் இறுக்கிக் கட்டினேன். விழுந்துவிடக் கூடாதே என்று.

வண்டி அதற்குப் பிறகு தண்டவாளத்தில் போவதுபோல் போனது. “அண்ணை, இப்பதான் இது என்ர வண்டி” என்றான். அவனுக்குப் பயம் விட்டுப்போனது அப்போதுதான்.

ஆகஸ்ட் முதல் கிழமை மூன்று தரம் நின்றது. ஒரு தரம் சந்தியில், பின்னால் வந்த கார்க்காரன் ஹோர்ன் அடித்துத் தள்ளாத குறை. வாங்கிய கடைக்கே கொடுப்போம் என்று முடிவெடுத்தேன். கொடுக்கும் முன் மூடியைத் திறந்து, பட்டியை வெட்டி, தகட்டைக் கழற்றி என் சட்டைப் பைக்குள் போட்டேன். கடைக்கார மெக்கானிக் திறந்து பார்த்து, இது என்ன மெஸியூ என்று பிரெஞ்சு மரியாதையோடு கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? வயர் வேலை தெரிந்தவன் வண்டிக்குள் மந்திரம் கட்டி வைத்திருக்கிறான் என்று அவன் சிரிப்பான். அந்த வெட்கத்துக்காகக் கழற்றினேன்.

கடையில் மூன்று நாள் வைத்திருந்தார்கள். மெக்கானிக் அறுபது கிலோமீற்றர் ஓடிப் பார்த்தான். இடப்பக்கம், வலப்பக்கம், நின்ற இடத்தில் வட்டம். ஒருதரமும் நிற்கவில்லை. கணினியிலும் ஒரு பிழையும் இல்லை. “நிற்காத வண்டியில் நான் எதைத் திருத்துவது?” என்று பிரெஞ்சில் அமைதியாகக் கேட்டான். நான் அவனோடு சண்டை பிடித்தேன். வேலை தெரியாதவன் என்றேன். என் வாழ்க்கையில் ஒரு மனிதனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்றால் அவனிடம் கேட்கவேண்டும். ஆனால் அவன் இரண்டாவது ஆள்தான், முதல் ஆள் என் தம்பி.

வண்டியைக் கொண்டுவந்து, கராஜ் கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைப் பையில் இருந்து தகட்டை எடுத்து, மறுபடி கட்டினேன்.

செம்பு மின்சாரம் கடத்தும் என்று எனக்குத் தெரியாதா? மூன்று நாள் அது இல்லாமல் ஓடிய வண்டி நிற்கவில்லையே என்று யோசிக்க எனக்கு மூளை இல்லையா? யாட்டில் ஒரு ட்ரக்கில் யாராவது ஒரு செப்புத் துண்டை வயர்க்கட்டுக்குள் செருகி வைத்திருந்தால் அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன். இது அப்படித் தெரியவில்லை. வண்டியில் என்னென்ன பிழைக்கலாம் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டேன், அதில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தேன். தகடு அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அது காவல். காவலை யாரும் சந்தேகப்படுவதில்லை.

திரும்பக் கட்டியதற்குப் பிறகு வந்த இரண்டாவது வியாழக்கிழமை, பின்னேரம் நாலேகால். நிதுசன் வேலை முடிந்து வந்துகொண்டிருந்தான். ஹென்றி-புராசா வீதியில், அவன் வீட்டுக்கு இரண்டு சந்தி முன்னால், இடப்பக்கம் திரும்பும்போது வண்டி நின்றது. பஸ் தரிப்பில் நின்ற ஒரு ஹெயிற்றிக்காரப் பெண் முழுவதையும் பார்த்தாள். ஹாண்டிலை வளைத்தபடியே ஸ்டார்ட் பொத்தானை அமத்தி அமத்தி அடித்துக்கொண்டிருந்தானாம். நேராக்கியிருந்தால் ஸ்டார்ட் வந்திருக்கும். எதிரே வந்த சாமான் ஏற்றும் ட்ரக் பிறேக் பிடித்தும் நிற்கவில்லை.

உயிர் இருந்தது. கழுத்து எலும்பு உடைந்து நரம்பு போய்விட்டது. இரண்டு கிழமைக்குப் பிறகு டொக்டர் எங்களை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னார்: கால் இரண்டும் இனி இயங்காது, இடக்கையும் இயங்காது, வலக்கையில் கொஞ்சம் அசைவு வரலாம். தனுஷா அழவில்லை. வெளியே வந்து என் கையைப் பிடித்தாள்.

“அந்தத் தகடு கட்டினபடியால்தான் உயிராவது மிஞ்சினது அத்தான். அதை எடுத்துக்கொண்டு வந்து தாங்கோ.”

உடைந்த வண்டிகளை இழுத்துப் போடுகிற வளவில் வண்டி கிடந்தது. முன்சில்லு நசிந்திருந்தாலும் முன்விளக்கு மூடி அதிசயமாகத் தப்பியிருந்தது. நாலு ஆணியையும் கழற்றினேன். தகட்டின் ஒரு மூலை சுருளில் இருந்து எழும்பிக் கத்தி நுனிபோல் நின்றது. அந்த மூலை சிவப்புப் பொத்தானின் வயர் உறையை அறுத்து உள்ளே போயிருந்தது. வெளிப்பக்கம் வண்டியின் கழுத்து இரும்பில் உரசி உரசிப் பளபளத்தது. நான் ஹாண்டிலைப் பிடித்து இடப்பக்கம் திருப்பினேன். வயர்க்கட்டு இறுகியது, தகடு இரும்பைத் தொட்டது. நேராக்கினேன், விலகியது. மறுபடி திருப்பினேன். மீற்றர் தேவைப்படவில்லை. என் கண்ணுக்கு முன்னால் அது தொட்டுக்கொண்டும் விட்டுக்கொண்டும் இருந்தது. நான் அந்த எண்ணெய் மண்ணிலேயே குந்தி இருந்து அழுதேன்.

ஒருவரிடமும் சொல்லவில்லை. தகட்டைத் தனுஷாவிடம் கொடுத்தேன். அவள் அதற்குச் சந்தனம் பூசிச் சாமிப் படத்தட்டில் வைத்தாள். வந்து பார்க்கிற எல்லோருக்கும் அது காப்பாற்றிய கதையைச் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று எனக்கு நானே காரணம் சொன்னேன். அதுவும் பொய். சொல்லப் பயந்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் கடைசியில் மறுவாழ்வு நிலையத்தில் அவனுக்குப் பற்றரியில் ஓடும் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வலக்கை விரலால் ஒரு சின்னக் குமிழைத் தள்ளினால் போகும். நான் போனபோது தனுஷா நடைபாதையில் காத்துக்கொண்டு நின்றாள். கையில் அந்த மஞ்சள் துணி.

“இதைக் கதிரைக்கு அடியில எங்கையாவது கட்டிவிடுங்கோ அத்தான். முந்தி மாதிரி, அவருக்குத் தெரியாமல். பற்றரிப் பக்கம் இடம் இருக்குமெல்லே?”

துணியை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். அவளும் பின்னால் வந்தாள். நிதுசன் ஜன்னலுக்கு முன்னால் இருந்தான். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் குமிழைத் தள்ளி நாற்காலியைத் திருப்பினான். அது மெல்ல வட்டமடித்து என் பக்கம் வந்து நின்றது. இடப்பக்கமாகத்தான் வந்தது.

“அண்ணை” என்றான். குரல் மூச்சுக் குறைவாக வந்தது. “நான் நெடுக யோசிச்சுப் பாத்தனான். நீங்கள் சொன்னதுதான் சரி. என்ர கைதான் அந்தப் பொத்தானில பட்டிருக்கும். அண்டைக்கு ரப்பர் போட மறந்திட்டன்.”

பிறகு சொன்னான், “நீங்கள் எவ்வளவு பாத்துத் தந்தனீங்கள். நான்தான் கவனமில்லாமல்…”

அவன் முன்னால் தரையில் முழங்காலில் இருந்தேன். மஞ்சள் துணியைப் பிரித்துத் தகட்டை எடுத்து அவன் வலக்கையில் வைத்தேன். விரல்கள் பாதிதான் மடங்கின.

“இது என்ன?”

“உன்ர கை இல்லையடா. இதுதான். முன்லைற்றுக்குப் பின்னால நான் கட்டினது. உனக்குச் சொல்லேல்லை. இந்த மூலை வயரை வெட்டிப்போட்டுது. இடப்பக்கம் திருப்பினா இரும்பில பட்டிருக்கு.”

தனுஷா என் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. “நானெல்லோ தந்தனான்” என்று அவள் மிக மெல்லச் சொன்னது கேட்டது.

“நீ தந்தனி, பிள்ளை. நான் வயர் வேலைக்காரன். நான்தான் கட்டினது” என்றேன்.

நிதுசன் கையைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுவரப் பார்த்தான், முடியவில்லை. நான் தூக்கிப் பிடித்தேன். காய்ந்த சந்தனத்துக்கு அடியில் செப்பு மூலையில் வயரின் கறுப்புப் பிளாஸ்டிக் துணுக்கொன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவன் நெடுநேரம் அதைப் பார்த்தான். அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“வண்டியைத் திருத்தேக்க இதை எத்தினை தரம் கண்டனீங்கள், அண்ணை?”

பொய் சொல்ல இன்னும் இடம் இருந்தது. அவன் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“நாலு தரம்” என்றேன். “நாலு தரமும் எடுத்துப் பாத்திட்டுத் திருப்பி வைச்சனான்.”